நாகையா கிராணியும் தாலிப் படமும்

கல்யாண வீட்டுக்குக் கூப்பிடாமலே வந்து நிற்பவை இரண்டு. ஒன்று தெருநாய், இன்னொன்று நாகையா. நாயையாவது கல்லை எடுத்தால் விரட்டிவிடலாம். நாகையா முக்காலியை விரித்து, காமிராவை அதன்மேல் ஏற்றி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டான் என்றால் அப்புறம் அந்தக் கல்யாணமே அவனுடையதாகிவிடும். மாப்பிள்ளை அவன் காட்டுகிற பக்கம் பார்க்க வேண்டும். பெண் அவன் சொல்கிறபோது நிமிர வேண்டும். தவில் வாசிக்கிற நான் அவன் துரத்துகிற மூலையில் போய் உட்கார வேண்டும்.

நான் பக்கிரி. அண்ணன் நாயனம், நான் தவில். பிரிக்பீல்ட்ஸில்தான் ஜாகை. கிள்ளானிலிருந்து காஜாங் வரை நம்மவர் வீட்டுக் கல்யாணம் என்றால் பெரும்பாலும் நாங்கள்தான். அதனால் நாகையா கெடுத்த கல்யாணங்களை என்னைவிட அதிகமாகப் பார்த்தவன் எவனும் இருக்க மாட்டான். அவனைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஆசையும் உண்டு.

ஆள் ரயில்வேயில் கிராணி. கூட்ஸ் ஷெட்டில் உட்கார்ந்து மூட்டைகளுக்குக் கணக்கு எழுதுகிற வேலை. சின்ன வயதில் வேலூர்ப் பக்கத்திலிருந்து அப்பனோடு கப்பலேறி வந்து, பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்து, கோட்டும் தொப்பியுமாக ஆனவன். மழையோ வெயிலோ, அந்தக் கோட்டைக் கழற்ற மாட்டான். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரின் சாமான்களை லேலாங்கில் ஏலம் விட்டபோது அந்தக் காமிராவை எடுத்தான். பாழாய்ப்போன அந்த ஏலத்தில் அவன் ஒரு மேசை நாற்காலியை எடுத்திருக்கக் கூடாதா?

அவன் காசுக்குப் படம் எடுப்பவன் அல்ல. அதுதான் வம்பு. காசுக்கு வருகிறவனை, வேண்டாம் போ என்று அனுப்பிவிடலாம். சும்மா எடுத்துத் தருகிறேன் என்று நிற்கிறவனை என்ன சொல்லி அனுப்புவது? பெண் வீட்டார் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பி கொடுப்பார்கள்.

அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். மாப்பிள்ளையும் பெண்ணும் நாற்காலியில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற படத்தை அவன் மதிக்க மாட்டான். "அத எவன் வேணாலும் எடுப்பான் லா. தாலி கழுத்துல ஏறுது பாரு, அந்த நேரம்! அத எடுத்தவன் இந்த மலாயாவுல எவனாச்சும் இருக்கானா? நான் எடுத்துக் காட்டறேன்" என்று மார்தட்டுவான். ஆண்டவன் அவனுக்கு வாயை மட்டும் குறையில்லாமல் கொடுத்திருந்தான்.

முதலில் காஜாங்கில் ஒரு கல்யாணம். நாகையா துணிக்குள் தலையை விட்டுத் தயாராக நின்றான். மந்திரம் சொல்லிக் கல்யாணத்தை நடத்துகிற பண்டாரம் விரலைத் தூக்கினார், நான் கெட்டிமேளம் அடித்தேன், உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து அட்சதை எறிந்தார்கள். எந்த ஊர்க் கல்யாணத்தில்தான் எழுந்து நிற்க மாட்டார்கள்? இது தெரியாமல் ஒருத்தன் தமிழனாகப் பிறந்து மீசை வைத்துக்கொண்டிருந்தான். படத்தில் விழுந்தது முழுக்க முதுகுகள். வேர்வை ஊறிய சட்டை முதுகு ஒன்று நட்ட நடுவில் பளிச்சென்று தெரிந்தது. அதையும் வெட்கமில்லாமல் பெண் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, "இந்த முதுகு யாருது? அடுத்த தடவ அந்தாள உக்காரச் சொல்லுங்க" என்றானாம். அடுத்த தடவை! பெண்ணுக்கு எத்தனை தடவை கல்யாணம் செய்வார்கள்?

அடுத்தது கிள்ளான். அந்த முறை ஒரு தட்டில் வெளிச்சப் பொடியைக் கொட்டிக்கொண்டு வந்தான். நெருப்புப் பட்டால் பளீரென்று மின்னி டமாரென்று வெடிக்கிற பொடி. கெட்டிமேளம் எதற்கு அடிக்கிறோம்? தாலி ஏறுகிற நேரத்தில் ஒரு தும்மலோ ஒரு கெட்ட பேச்சோ யார் காதிலும் விழக் கூடாது என்றுதானே? பண்டாரம் விரலைத் தூக்குமுன்பே இந்த மகராசன் பொடியைக் கொளுத்திவிட்டான். நிசப்தத்தில் டமார்! பண்டாரம் தாம்பாளத்தைக் கீழே போட்டார். பெண் வீல் என்று கத்தினாள். பந்தல் முழுக்கப் புகை, ஆளாளுக்கு இருமல். கிழவிகள் எல்லாம் அபசகுனம், அபசகுனம் என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா வந்து நாகையாவின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். எனக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று.

ஆனால் அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே என்னிடம் வந்து என்ன கேட்டான் தெரியுமா?

"ஏன்யா பக்கிரி, நீ கொஞ்சம் முன்னாடியே அடிச்சிருக்கலாம்ல?"

பொடியிலிருந்து தெறித்த நெருப்பில் என் வேட்டி பொத்தலாகியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனிடம் கேட்கிறான். "கட்டையில போறவனே, இனிமே என் கண்ணு முன்னால வராத" என்று கத்தினேன். அவன் காதில் வாங்கினால்தானே? அவன் வானத்தைப் பார்த்து ஏதோ யோசித்துக்கொண்டிருந்தான்.

பொடியை விட்டுவிட்டான். ஊர் தப்பித்தது என்று நினைத்தோம். சாலாக் செலாத்தானில் ஒரு கல்யாணத்தில் மறுபடி முளைத்தான். பந்தலுக்குள் வெளிச்சம் குறைவு, பொடியும் இல்லை. அதனால் காமிராவின் கண்ணைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று அவனாகக் கண்டுபிடித்திருந்தான். திறந்திருக்கும் நேரத்தில் யார் அசைந்தாலும் படத்தில் புகையாகிவிடுவார்கள். அட்சதை எறிகிற கூட்டத்தைப் பார்த்து "அசையாதீங்க! யாரும் அசையாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினான். யார் கேட்பார்கள்? படத்தில் பேய்கள் மாதிரி உருவங்கள். பெண் குனிந்தே இருந்ததால் முகம் இருந்த இடத்தில் ஒரே கறுப்பு.

இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். குனிந்த முகத்துக்குக் கீழேயிருந்து வெளிச்சம் வர வேண்டும். வெள்ளைப் படுக்கை விரிப்பை ஒருத்தர் சரிவாகப் பிடித்துக்கொண்டு நின்றால் பந்தலுக்கு வெளியே அடிக்கிற வெயில் அதில் பட்டு முகத்துக்குப் போகும். இதை அவன் பழகிப் பார்த்தது பெண்டாட்டி வீரம்மாவை வைத்து. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவளை ரயில்வே கோட்டர்ஸ் வாசலில் உட்கார வைத்து, கழுத்தில் மாலை போட்டு, குனி, இன்னும் குனி என்று உயிரை எடுப்பான். பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"அடுப்புல சோறு கருகுது. பேரன் எடுக்கிற வயசுல எனக்கு இன்னொரு கல்யாணம் கேக்குதா உனக்கு?" என்று வீரம்மா போடுகிற சத்தம் ரயில் பாதை வரைக்கும் கேட்கும். ஒரு நாள் மாலையைப் பிய்த்து அவன் முகத்திலேயே எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளைக் கும்பிட வேண்டும்.

இந்த லட்சணத்தில் இருந்தவனிடம்தான் நல்லம்மாள் ஓர் உதவி கேட்டாள்.

நல்லம்மாள் ரயில்வே ஒர்க்ஷாப் வாசலில் புட்டு விற்பவள். புருஷன் தண்டவாளக் கேங்கில் வேலை செய்தவன். தண்டவாளத்தில் ஓடுகிற டிராலி மேலே ஏறிச் செத்தான். கையில் ஒரு பெண் குழந்தை, பவுனம்மாள். புருஷனின் அண்ணன் அஞ்சப்பன், ரோடு போடுகிற இலாகாவில் மண்டோர், பத்துப் பேரை அதட்டுகிற பெரிய மனுஷன். தம்பி பெண்டாட்டிக்கு ஒரு பிடி அரிசி கொடுத்தவன் இல்லை. நல்லம்மாள் அந்தப் புட்டுக் குழாயை வைத்தே பெண்ணை வளர்த்தாள். பவுனுக்குக் கிள்ளானில் நல்ல மாப்பிள்ளை அமைந்ததும் அஞ்சப்பன் மண்டோர் அங்கவஸ்திரத்தோடு வந்து நின்றான், நானும் என் பெண்டாட்டியும்தான் தாரை வார்ப்போம் என்று. அதுவும் முறைதான். புருஷனை இழந்தவள் தாரை வார்க்க முடியாது. முகூர்த்த நேரத்தில் பந்தலில் நிற்கக்கூட முடியாது.

ஒரு நாள் காலையில் புட்டு வாங்க நான் நின்றுகொண்டிருந்தேன். நாகையாவும் கோட்டும் தொப்பியுமாக நின்றான். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நல்லம்மாள் இலையில் புட்டை வைத்து அவனிடம் நீட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"கிராணியாரே, பவுனுக்குத் தாலி கட்டறத நீங்க படம் புடிப்பீங்களாமே?"

"புடிப்பேன்."

"நான் அடுப்படியிலதான் இருக்கணும். மேளச் சத்தம் மட்டும் கேக்கும். பெத்தவ எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறுறதப் பாக்கப்படாதாம். படத்துலயாவது பாத்துக்கறேன் சாமி. முதுகு இல்லாம எடுத்துக் குடுங்க."

 அவன் என்ன சொன்னான்? "இந்தத் தடவ தப்பாது. விரிப்பு இருக்கு" என்றான். விரிப்பு இருக்காம். "அக்கா, இவன நம்பாதே. இவன் எடுத்த லட்சணம் எனக்குத் தெரியும்" என்று நான் சொன்னேன். நல்லம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்து, "வேற யாரண்ணே இருக்கா எனக்கு?" என்றாள்.  புட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்யாணம் பிரிக்பீல்ட்ஸிலேயே, மண்டோர் வீட்டு வாசலில், தென்னங்கீற்றுப் பந்தலில். நாகையா விடிந்ததுமே வந்துவிட்டான். இந்தத் தடவை மண்டோரும் அவனை விரட்டவில்லை. ஊருக்கு அனுப்ப அவனுக்கும் ஒரு படம் வேண்டும், தம்பி மகளைத் தானே கரையேற்றியதாகக் காட்டிக்கொள்ள. அதனால் முன்வரிசையில் காமிராவுக்கு இடம் கிடைத்தது. எழுந்து நிற்கிற கூட்டம் மறைக்காதபடி குறுக்கே ஒரு பெஞ்சைப் போட்டுத் தடுத்தான். கொஞ்சம் தேறியிருக்கிறான் என்று நான் நினைத்தது உண்மைதான். வாய்விட்டுச் சொல்லவில்லை.

விரிப்பைப் பிடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. வீரம்மா வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அட்சதையைக் கையில் வைத்திருக்கிற எந்தப் பொம்பளை அதைக் கீழே போட்டுவிட்டுப் படுக்கை விரிப்பைத் தூக்கிப் பிடிப்பாள்? ஆம்பளைகள் சிரித்தார்கள். தாலித் தாம்பாளம் ஆசீர்வாதத்துக்குச் சபையைச் சுற்றி வர ஆரம்பித்துவிட்டது. நாகையா சுற்றுமுற்றும் பார்த்தான். விடுவிடுவென்று வீட்டுக்குப் பக்கவாட்டில் அடுப்படிக்குப் போனான். நான் உட்கார்ந்திருந்த மூலைக்கு அந்தப் பேச்சு நன்றாகக் கேட்டது.

"அம்மா, வாங்க. இந்த விரிப்பப் புடிங்க."

"ஐயையோ, நான் வரப்படாதுங்க! என்னங்க நீங்க?"

"உங்க பொண்ணு மூஞ்சி கரிச்சட்டி மாதிரி விழுந்தாப் பரவாயில்லையா? படம் வேணுமா வேணாமா?"

"எம்பொண்ணுக்கு ஒண்ணு ஆயிட்டா?"

"துணிக்குப் பின்னாலதானே நிக்கப்போறீங்க? ஒருத்தனுக்கும் தெரியாது. வாங்கம்மா, நேரமாகுது!"

அவனுக்கு இரக்கம் பொங்கி வழிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். விரிப்பைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

நல்லம்மாள் வந்தாள். பந்தலின் ஓரத்தில், விரிப்பை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளைப் புடவை, வெள்ளை விரிப்பு. கீழே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. வெயில் விரிப்பில் பட்டு, குனிந்திருந்த பவுனின் முகத்தில் போய் விழுந்தது. அந்தக் கறுப்பு முகம் அப்படியே ஒளிவிட்டது. பாழாய்ப்போனவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனால் மகளுக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றவளின் கண் முன்னால் துணியைத் தவிர ஒன்றும் இல்லை.

தாம்பாளம் மணவறைக்குத் திரும்பியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். பண்டாரம் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார், இன்னும் விரலைத் தூக்கவில்லை. அப்போது விரிப்பு மெல்ல, மிக மெல்லக் கீழே இறங்கியது. அவள் நெற்றி தெரிந்தது. கண்கள் தெரிந்தன.

மணவறைப் பக்கத்தில் நின்ற அஞ்சப்பன் மண்டோர் அந்தக் கண்களைப் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஏய்!" என்றான். "தாலியறுத்த..."

அதற்குமேல் ஒரு சொல் வெளியே வர நான் விடவில்லை. கெட்டிமேளம் அடித்தேன். என் வாழ்நாளில் அப்படி அடித்ததில்லை. தவில் கிழிந்தாலும் கிழியட்டும் என்று அடித்தேன். கெட்ட பேச்சு காதில் விழாமல் இருக்கத்தானே எனக்குச் சோறு போடுகிறார்கள்? அண்ணன் திடுக்கிட்டு என்னைப் பார்த்துவிட்டு நாயனத்தை வாயில் வைத்து ஊதினார். பண்டாரம் வாயைப் பிளந்தார். மாப்பிள்ளைப் பையனுக்கு என்ன தெரியும்? கெட்டிமேளம் கேட்டால் கட்ட வேண்டும் என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறார்கள். கட்டிவிட்டான். அவன் தங்கை பின்னாலிருந்து மிச்ச முடிச்சைப் போட்டாள். கூட்டம் எழுந்து அட்சதையை வாரி எறிந்தது. மண்டோரின் வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் மட்டும் யாருக்கும் கேட்கவில்லை.

நல்லம்மாள் கையிலிருந்து விரிப்பு நழுவித் தரையில் கிடந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. ஓரடி முன்னால் வந்து மகளைப் பார்த்தபடி நின்றாள். விரிப்பு விழுந்ததும் பவுனின் முகம் மறுபடி இருண்டது. நான் நாகையாவைப் பார்த்தேன். காமிராவின் கண்ணைத் திறக்கிற ரப்பர்க் குமிழ் அவன் கையில் இருந்தது. இப்போது கத்துவான், விரிப்பைத் தூக்கு, நகரு, மறைக்காதே என்று அந்தப் பாவியை விரட்டுவான் என்று நினைத்தேன். ஊரையே விரட்டுகிற வாய், அன்றைக்குத் திறக்கவில்லை. அவளைப் பார்த்தான். குமிழை அமுக்கினான். அவ்வளவுதான்.

மண்டோர் பெண்டாட்டி ஓடிவந்து நல்லம்மாளின் கையைப் பிடித்து உள்ளே தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். மேளத்தை நிறுத்தியதும் மண்டோர் என்மேல் பாய்ந்தான்.

"எவன்டா உன்ன அடிக்கச் சொன்னது? பண்டாரம் வெரலத் தூக்குனாரா?"

"தாலி ஏறிடுச்சு மண்டோரே. வேணும்னா கழட்டச் சொல்லுங்க."

அவன் கை ஓங்கினான். என் அண்ணன் எழுந்து நடுவில் நின்றார். மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தம் தப்பவில்லையே, அப்புறம் என்ன சத்தம் என்று அதட்டிய பிறகுதான் அடங்கினான். அவனாவது அடங்கினான். நாகையா கோட்டு நனைய வேர்த்துக்கொண்டு வந்து என் சட்டையைப் பிடித்தான்.

"யோவ் பக்கிரி! உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? சொல்லாம கொள்ளாம அடிச்சிட்டியே! எல்லாம் கூடி வந்துச்சுய்யா இந்தத் தடவ. எல்லாம் கெடுத்திட்ட!"

"போய்யா, நீயும் உன் பெட்டியும்!" என்று அவன் கையைத் தட்டிவிட்டேன்.

மறுவீட்டுக்குப் பவுனும் மாப்பிள்ளையும் நல்லம்மாள் வீட்டுக்கு வந்த அன்று நாகையா என் வீட்டு வாசலில் வந்து நின்றான். முகம் சுண்டிப்போயிருந்தது. "வா. அந்தம்மா எங்கிட்ட ஒப்படைச்ச காரியம் இது. நீதான் கெடுத்தேன்னு நீயே வந்து சொல்லு" என்றான். சொல்கிறேன், எனக்கென்ன பயம் என்று நானும் போனேன். 

படத்தை நல்லம்மாளிடம் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "தாலி விழலம்மா. எல்லாரும் அசைஞ்சுட்டாங்க" என்றான். நானும் எட்டிப் பார்த்தேன். மணவறை முழுக்கப் புகை மாதிரி இருந்தது. அட்சதை எறிந்த கைகள் கரைந்து போயிருந்தன. மண்டோருக்கு முகமே இல்லை. மாப்பிள்ளையின் கை ஒரு தீற்றல். பவுன் ஒரு கறுப்பு உருவம். அத்தனை பேருக்கும் ஓரத்தில், வெளியிலிருந்து வந்த வெயிலில், ஒரே ஒரு முகம் கண்ணிமை வரை தெளிவாக விழுந்திருந்தது. அவள் ஒருத்திதான் அசையவில்லை.

"படம் எதுக்கு சாமி, நான்தான் கண்ணால பாத்துட்டேனே" என்று நல்லம்மாள் அதை அவசரமாகத் திருப்பி நீட்டினாள். மகள் பார்த்துவிடக் கூடாது என்று அவளுக்குப் பயம். அதற்குள் பவுன் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது நீயாம்மா?"

நல்லம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்புதான் பவுனு. நான் வந்திருக்கப்படாது. உனக்கு ஒண்ணும் ஆகாது, நான் மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டிருக்கேன்."

"அம்மா, நான் குனிஞ்சே இருந்தேன். மேளத்துல ஒண்ணும் கேக்கல. நீ அடுப்படியிலதான் உக்காந்திருக்கேன்னு நெனச்சு தாலி கட்டுறப்ப அழுதேம்மா நான்." அவள் குரல் உடைந்தது. "நீ வந்திருந்தியா?"

நல்லம்மாள் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். தாயும் மகளும் இருக்கட்டும் என்று மாப்பிள்ளைப் பையன் எழுந்து வெளியே போனான். எனக்குக் கண் கரித்தது. 

நாகையா மட்டும் நாகையாவாகவே இருந்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கெட்டுப்போன படம் வெளியில் இருந்தால் தன் பேர்தான் கெடும், திருப்பிக் கொடுத்துவிடம்மா, கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று கையை நீட்டினான்.

பவுன் அதை இரண்டு கையாலும் மார்போடு அழுத்திக்கொண்டாள். கொடுக்கவில்லை.